இடது கால் திருடன்

அத்தியாயம் 5

மாடி அறையின் மேஜைமேல் அட்டைப்பெட்டிகள் கூரையை எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் வாடிக்கையாளர்கள் கோபத்தோடு திருப்பி அனுப்பியவை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஷூ. ஒன்றே ஒன்று. அதுவும் வலது கால் மட்டும்.

வாலு ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து மூடினான். கொஞ்ச நேரத்துக்கு மேல் அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது. திருடன் ஒரு கொக்கு. ஒத்தைக் கால்ல நிக்கிறவனுக்கு ஒத்தை ஷூ போதும்."

"கொக்கு எதுக்குடா விதவிதமான சைஸ்ல எடுக்குது?" என்றாள் நிதானம்.

"குடும்பஸ்தனா இருக்கும்."

நிதானம் என்பது அவள் பெயரல்ல. தீப்பிடித்த வீட்டிலிருந்துகூட தலைவாரிக்கொண்டுதான் வெளியே வருவாள் என்று உறவுக்காரர்கள் வைத்த பட்டம். தொழில், துப்பறிவது. வாலு அவளுடைய சித்தி மகன். "சும்மாதானே இருக்கான், கூட வச்சுக்கோயேன்" என்று சித்தி கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து அவளுக்கு உதவியாளன். சும்மா இருப்பதை அவன் வேலை நேரத்திலும் கைவிடவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள்தான் இவர்களை வரவழைத்தவள். ஷூ கடை முதலாளியின் ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்து, வெளியே பெரிய இடங்களில் வேலை பார்த்து, முப்பது வயதில் கடைக்குத் திரும்பியவள். ஆனாலும் கடையில் பெருக்குகிறவர் முதல் அப்பா வரை எல்லோருக்கும் அவள் பாப்பா.

"நாலு மணி டீக்கு அப்பா மேல வருவாரு," என்றாள் பாப்பா. "அதுக்குள்ள திருடன் யாருன்னு நான் சொல்லணும். இல்லேன்னா என் புது சிஸ்டத்தை நிறுத்திட்டு பெரிசை ஓட விட்டுருவாரு. அதுலயே குறியா இருக்காரு."

"பெரிசுன்னா? உங்க தாத்தாவா?" என்றான் வாலு.

பாப்பா மூலையைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்பு ஸ்விட்ச்.

"கடையோட ஆன்லைன் வியாபாரம் இத்தனை வருஷமா அதுக்குள்ளதான் நடந்துச்சு. இப்பவும் அணைக்கல, அந்த ஸ்விட்சை அமுக்கினா வியாபாரம் திரும்ப அதுக்கே போயிரும். சித்தப்பா எழுதினது. விலை, இருப்பு, முகவரி எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். விலையைத் தொட்டா முகவரி கோவிச்சுக்கும். தள்ளுபடி போட்டா போட்டோ காணாமப் போகும். ஒரு தடவை பண்டிகைக்கு விலையைக் குறைச்சோம், எல்லா சைஸும் குறைஞ்சுது."

"உங்களோடது?"

"தனிக்குடித்தனம்." அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "எல்லாத்தையும் தனித்தனிக் கட்டையா பிரிச்சேன். விலைக்கு ஒரு கட்டை, இருப்புக்கு ஒரு கட்டை, முகவரிக்கு ஒரு கட்டை. ஒருத்தரை ஒருத்தர் வாசல்ல நின்னு கேட்டுப்பாங்க. ஒருத்தர் சமையலறைக்குள்ள இன்னொருத்தர் போக மாட்டாங்க. வெப்சைட்டு, போன் ஆப்பு, கீழ கவுண்டர் மெஷின், மூணுக்கும் ஒரே இருப்புக் கட்டைதான். நாளைக்குப் புதுசா வேற எங்க வித்தாலும் அதையே எடுத்துச் சொருகிக்கலாம்."

"சித்தப்பா எழுதினதை அப்படியே பிரிச்சீங்களா?" என்று நிதானம் கேட்டாள்.

"ஐயோ, அப்படியே எப்படி? ஒரு ஊரை ரெண்டு தடவை எழுதிருந்தாரு. இருப்பை எண்ணும்போது எல்லாத்துலயும் ஒண்ணைக் கழிச்சு வச்சிருந்தாரு. சாக்ஸுக்கு ஹீல் உயரம் கேட்டிருந்தாரு. எதைக் கேட்டாலும் 'அதுக்கு ஒரு காரணம் இருக்கு'ன்னு மீசையைத் தடவுவாரு. காரணம் மட்டும் வெளிய வராது. எல்லாத்தையும் தூக்கிச் சுத்தம் பண்ணித்தான் பிரிச்சேன்."

"யார் மேல சந்தேகம்?"

பாப்பா கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "சித்தப்பா மேலதான். பெரிசை ஓரங்கட்டிட்டு அவரைக் கீழ ஷோரூமுக்கு அனுப்பினதுலேர்ந்து முகம் கொடுத்துப் பேசறதில்ல. குடோன் சாவி அவர் இடுப்புலதான் தொங்குது. என் சிஸ்டம் வந்த அன்னிக்கே இந்த ஒத்தை ஷூவும் ஆரம்பிச்சுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கூடப் பிறந்த தம்பிதான் திருடன்னு அப்பாகிட்ட சொல்லப் போறீங்க."

"ஆதாரத்தோட சொல்லுவேன்," என்றாள் பாப்பா. அதைச் சொல்லும்போது அவள் பார்வை நிதானத்தின் மேல் இல்லை.

நிதானம் பெட்டி அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பாப்பாவின் திரையைப் பார்த்து, திரும்பி வந்த ஷூக்கள் விற்றபோது கையிருப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னாள். பாப்பா தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். அவளுடைய புருவம் ஏறியது.

"எல்லாமே கடைசி ஜோடி."

"சே, என்ன மனுஷன்!" என்றான் வாலு. "நிறைய இருக்கற எடத்துல கை வைக்கக் கூடாதா?"

"வாலு, உன் போனை எடு. கடைசி ஜோடின்னு போட்டிருக்கற ஷூ ஒண்ணு வாங்கு."

"யார் காசுல?"

"உன் காலுக்குத்தானே வாங்கற?"

வாலுவின் காலில் கிடந்த செருப்பு, செருப்பு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் நிலையில் இருந்தது. வெள்ளையில் நீலக்கோடு போட்ட ஷூ ஒன்று 'கடைசி ஜோடி!' என்று சிவப்பாகக் கண் சிமிட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு பணத்தைக் கட்டினான். திரையில் ஆர்டர் வந்து விழுந்ததுமே இருவரும் பின்படிக்கட்டில் கீழே ஓடினார்கள். சரியாகச் சொன்னால் வாலு ஓடினான். நிதானம் நடந்தாள். இருவரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள், ஏனென்றால் வாலு நடுவில் ஒரு தடவை தவறான கதவைத் திறந்து துடைப்பங்களோடு பேசிவிட்டு வந்தான்.

குடோனில் பேக்கிங் அக்கா ஒருவர்தான் இருந்தார். மெஷின் ஆர்டர் சீட்டைத் துப்பியது. அக்கா அதைக் கிழித்து, அலமாரிக்குப் போய், அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். பெட்டியின் கோடுகள்மேல் கருவியைக் காட்டினார். பீப். பெரிய அட்டைக்குள் போட்டார். டேப்பைச் சர்ரென்று இழுத்தார்.

"அக்கா, நில்லுங்க," என்றாள் நிதானம். "வாலு, திற."

வாலு டேப்பைப் பிய்த்து, பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கினான். வெள்ளையில் நீலக்கோடு. வலது கால்.

"அக்கா! கண்ணு முன்னாடியே அடிச்சுட்டான்! நான் கண்ணை மூடவே இல்ல!"

"தும்மினியே."

"ஒரு கண்ணால தும்மினேன்."

நிதானம் பேக்கிங் அக்காவிடம் திரும்பினாள். "பெட்டியைத் திறந்து பாக்க மாட்டீங்களா?"

"திறக்கக் கூடாதுன்னு பாப்பா உத்தரவு. பெட்டி கசங்கினா வாங்கறவங்க மூஞ்சி கசங்குதாம். பீப்னு சத்தம் வந்தா அனுப்பிடணும்."

"லேசா இருக்கேன்னு தோணலையா?"

"இப்பல்லாம் போட்டதே தெரியாதுன்னுதானே ஷூவை விக்கறாங்க? நான் உயர்ந்த கம்பெனி போலன்னு நினைச்சேன்."

"ஏன் அடியிலேர்ந்து எடுத்தீங்க?"

"மேல இருக்கறதெல்லாம் வித்துப் போச்சே. சில பெட்டியை மட்டும் சித்தப்பா அடியில தள்ளி வைப்பாரு. நோண்டாதேம்மான்னு சொல்லுவாரு. ஆனா மெஷின் இருக்கு, எடுன்னு சொல்லுது. நான் யார் பேச்சைக் கேக்க? சம்பளம் போடறது மெஷின் பக்கத்து ஆளு."

வாலு நிதானத்தின் காதருகே குனிந்தான். "அடியில தள்ளி வைக்கறாரு. நோண்டாதேங்கறாரு. சாவி அவர் இடுப்புல. அக்கா, இதுக்கு மேல அவரே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா?"

"பெட்டியை எடுத்துக்கோ. அவரையே கேப்போம்."

ஷோரூம் தெருவைப் பார்த்திருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஒருவர் துணியால் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசை அவருக்கு முன்னாலேயே வேலைக்கு வந்து சேர்ந்துவிடும் அளவில் இருந்தது. இடுப்பில் சாவி.

"நாங்க துப்பறியறவங்க," என்று வாலு ஆரம்பித்தான். குரலைக் கொஞ்சம் கனப்படுத்திக்கொண்டான். "உங்ககிட்ட சில கேள்வி..."

"வந்துட்டீங்களா!" சித்தப்பா ஸ்டூலிலிருந்து குதித்தே விட்டார். "எத்தனை தடவை அண்ணன்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன், துப்பறியற ஆளைக் கூப்பிடுங்கன்னு! இப்பவாவது புத்தி வந்துச்சே. உக்காருங்க. புகாரை எழுதிக்கங்க."

வாலு நிதானத்தைப் பார்த்தான். குற்றவாளி புகார் கொடுப்பதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று அவனுக்கு அம்மா சொல்லித் தரவில்லை.

"என்ன புகார்?" என்றாள் நிதானம்.

"திருட்டு! வலது கால் ஷூ வரிசையாப் போயிட்டிருக்கு. கஸ்டமர் வந்து இதோ இதைக் கொடுங்கன்னு ஷோகேஸ்ல காட்டுவாங்க. குடோனுக்குப் போய்ப் பாத்தா வலது கால் இருந்த பெட்டியே இருக்காது. நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நிப்பேன். எல்லாம் அந்த மாடிக்கார கம்ப்யூட்டர் கூட்டம் பண்ற வேலை. என்னைக் கீழ அனுப்பினது போதாதுன்னு, கீழேயும் இருக்க விடக் கூடாதுன்னு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அதே நிமிஷம் பாப்பாவும் வந்து என்னமோ திருட்டுன்னு கத்துது. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேற எடம் பாத்துக்கங்கன்னு எழுந்து போயிட்டாரு."

வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம் சித்தப்பா, எங்க திருடன் இடது காலை எடுக்கறான், உங்க திருடன் வலது காலை எடுக்கறான். ரெண்டு பேருக்கும் பேசி முடிச்சு வச்சா நல்ல ஜோடி."

நிதானம் சட்டென்று நின்றாள். அவள் சட்டென்று எதையும் செய்து வாலு பார்த்ததில்லை.

"டேய். இப்ப என்ன சொன்ன?"

"தப்புதான்கா. இனிமே வேலை நேரத்துல ஜோக் அடிக்க மாட்டேன்."

"இல்லடா. முதல் தடவையா வேலை பாத்திருக்க. பெட்டியைக் கொடு."

பெட்டியிலிருந்து அந்த வலது கால் ஷூவை எடுத்தாள். ஷோகேஸுக்குள் கையை நீட்டி, மூன்றாவது கண்ணாடித் தட்டில் வைத்தாள். வெள்ளையில் நீலக்கோடு போட்ட இடது கால் ஒன்று அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. இரண்டும் பிரிந்து போன தம்பதி சமாதானமான மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

வாலு வரிசையைப் பார்த்தான். மேல் தட்டு, இடது. நடுத் தட்டு, இடது. கீழ்த் தட்டு, ஒன்று விடாமல் இடது. திருட்டுப் போன சரக்கு முழுவதும் தெருவைப் பார்த்து, பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில், விலைச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்தபடிதான் போனார்கள். பின்படிக்கட்டில் ஏறி, பின்படிக்கட்டில் இறங்குகிற மாடிக்காரர்கள் மட்டும் பார்க்கவில்லை.

"ஏன் எல்லாம் இடது காலு?" என்றான்.

"ஜோடியா வச்சா எவனாவது மாட்டிக்கிட்டே நடந்துருவான்," என்றார் சித்தப்பா, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. "ஒத்தையா இருந்தா யாரு தொடுவா? இடது இங்க நிக்கும். அதோட வலது பெட்டியில, குடோன்ல, அடித்தட்டுல இருக்கும். கஸ்டமர் கேட்டா ரெண்டையும் சேத்துக் கொடுப்போம். எல்லா ஷூ கடையிலயும் வழக்கம்தானே?"

"அப்ப ஷோகேஸ் ஜோடியை ஆன்லைன்ல விக்கக் கூடாது," என்றாள் நிதானம்.

"எப்படி விப்ப? பாதிதானே பெட்டியில இருக்கு!"

"அதான் பெரிசுல எல்லாத்துலயும் ஒண்ணு கழிச்சு வச்சீங்களா?"

சித்தப்பா கை தானாக மீசைக்குப் போனது. "அதுக்கு ஒரு காரணம்..." கை நின்றது. அவர் ஷோகேஸைப் பார்த்தார். ஜோடி சேர்ந்த ஷூவைப் பார்த்தார். வாய் மெதுவாகத் திறந்துகொண்டது. "அட! இதுதான்!"

"இப்பத்தான் தெரியுமா?" என்றான் வாலு.

"எழுதும்போது தெரியும் தம்பி. நடுவுல எங்கேயோ மறந்துபோச்சு." அவர் குரல் பாதியாகிவிட்டது. "பாப்பா வந்து ஏன்னு கேட்டப்ப தெரியலன்னு எப்படிச் சொல்றது? நான் எழுதினது எனக்கே தெரியலேன்னா, அப்புறம் என்னை எதுக்கு வச்சிருக்கணும்?"

படிக்கட்டில் டீ டம்ளர்கள் உரசும் சத்தம் கேட்டது. முதலாளி மேலே போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான் வாலு மெல்ல, "அப்ப குற்றவாளி..."

நிதானம் கண்ணால் கூரையைக் காட்டினாள். "நமக்கு வேலை கொடுத்தவங்கதான்."

மாடியில், முதலாளி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நிதானம் பாப்பாவின் அருகில் போய் இரண்டே வாக்கியம் சொன்னாள். பாப்பா திரும்பித் தன் திரையிலிருந்த கையிருப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"என்ன பாப்பா," என்றார் முதலாளி. "யாரு? சொல்லு. உன் சித்தப்பாவா?"

சித்தப்பா வாசலில் நின்றார், கையில் அந்த வலது கால் ஷூவோடு. காட்சியைப் பார்த்த எவரும் அவரைத்தான் திருடன் என்பார்கள். பாப்பா அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். சிஸ்டம் பிழைத்துவிடும்.

"நான்தான்பா," என்றாள்.

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"யாரும் திருடல. ஷோகேஸ்ல நிக்கிற ஜோடியை விக்கக் கூடாதுன்னுதான் சித்தப்பா ஒண்ணு கழிச்சு வச்சிருந்தாரு. எனக்குப் புரியல. தப்புன்னு நினைச்சுத் தூக்கிட்டேன். அதனாலதான் பாதி ஜோடியை வித்துக்கிட்டு இருந்தோம்."

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டார். கை சிவப்பு ஸ்விட்சுக்குப் போனது. "தப்பு புதுசுலதான். அப்ப பேச என்ன இருக்கு?"

"டீ ஆறறதுக்குள்ள சரி பண்றேன்பா. பண்ணலேன்னா நீங்களே அமுக்குங்க."

"உன் சித்தப்பாவுக்கு ஒரு திருத்தம் போடவே பத்துப் பதினைஞ்சு நாள் ஆகும்."

"டீயைக் கீழ வைங்கப்பா."

முதலாளி டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தார். பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பழையபடி ஒண்ணைக் கழிச்சா போதாதா?" என்றான் வாலு.

"போதாது. ஷோகேஸ்ல இல்லாத ஷூவையும் சேத்துத்தான் அவர் கழிச்சிருக்காரு. நல்ல ஜோடியெல்லாம் விக்காம குடோன்லயே தூங்கிருக்கு." விரல்கள் ஓடின. "ஷோகேஸுக்குன்னு ஒரு கட்டை போடறேன். எது எது வெளிய நிக்குதுன்னு அது மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கும். விக்கறதுக்கு முன்னாடி இருப்புக் கட்டை இதைக் கேட்டுக்கும். சித்தப்பா, மேல் தட்டுலேர்ந்து சொல்லுங்க."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். எந்த ஷூ, என்ன நிறம், என்ன சைஸ். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. தினமும் துடைக்கிற கை. பாப்பா தட்டிக்கொண்டே கேட்டாள்.

"பெரிசுல இந்தக் கழித்தலை எத்தனை இடத்துல போட்டிருக்கீங்க?"

"வெப்சைட்டுக்குத் தனியா, போனுக்குத் தனியா, அப்புறம் தள்ளுபடிக்குள்ள... நெறைய எடம்மா."

"ஏன் அத்தனை எடம்?"

"அதுக்கு ஒரு..." சித்தப்பா வாலுவைப் பார்த்தார். கையை மீசையிலிருந்து இறக்கிக்கொண்டார். "தெரியாதும்மா. மறந்துபோச்சு."

பாப்பாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"பரவாயில்ல சித்தப்பா," என்று கடைசிப் பொத்தானைத் தட்டினாள். "அப்பா, உங்க போன்ல பாருங்க. பழுப்பு நிற ஷூ, கடைசி ஜோடின்னு சிமிட்டிட்டு இருந்துச்சே, அது."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் படித்தார். "இது ஷோகேஸில் உள்ளது. நேரில் வந்து வாங்கவும்." வெப்சைட்டைத் திறந்தார். அதே வரி. படிக்கட்டிலிருந்து பேக்கிங் அக்காவின் குரல் வந்தது. "பாப்பா! கீழ கவுண்டர் மெஷின்ல ஷோகேஸ்னு என்னமோ புதுசா வருது! நான் எதையும் தொடல!"

பெரிசு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முதலாளி டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்து யோசித்தார்.

"சூடாத்தான் இருக்கு," என்றார்.

பிறகு குனிந்து பெரிசின் பிளக்கைப் பிடுங்கினார். அந்த மூச்சு ஒரு தடவை இழுத்து நின்றது. சித்தப்பா அலமாரியின் கண்ணாடிக் கதவைக் கையிலிருந்த துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார்.

"அந்தப் புதுக் கட்டையில ஏன்னு ஒரு வரி எழுதி வை," என்றார் முதலாளி மகளிடம். "இல்லேன்னா நாளைக்கு இன்னொரு பாப்பா வந்து தூக்கிரும்."

"எழுதிட்டேன்பா. சித்தப்பா, நாளையிலேர்ந்து காலையில மேல வாங்க. பெரிசுலேர்ந்து நான் தூக்கினது இன்னும் நெறைய இருக்கு. ஒவ்வொண்ணா உக்காந்து பாக்கணும்."

"ஷோகேஸை யாரு துடைக்கறது?"

"நான் துடைக்கறேன். முன்வாசல் வழியா வந்து."

எல்லோரும் நெகிழ்ந்து நின்ற அந்த நேரத்தில்தான் வாலுவுக்குத் தன் காசு நினைவுக்கு வந்தது. சித்தப்பாவின் கையிலிருந்த வலது கால் ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டான். கச்சிதம். மற்ற காலில் பழைய செருப்பு.

"சித்தப்பா, என்னோட இடது காலைக் கொடுத்தீங்கன்னா கிளம்பிருவோம்."

"ஷோகேஸ்ல ஓட்டை விழுமே தம்பி. போன்ல என்ன போட்டிருக்குன்னு பாரு."

வாலு பார்த்தான். 'இது ஷோகேஸில் உள்ளது. நேரில் வந்து வாங்கவும்.'

"நேர்லதானே சித்தப்பா நிக்கிறேன்! காசும் கட்டியாச்சு! ஏன் தர மாட்டீங்க?"

சித்தப்பா மீசையைத் தடவினார்.

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு."